முக்கோணத்தின் பரப்பும் பழைய கிரேக்கர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லித் தருகிறேன். அளவியல் பாடத்தில் ஹெரான் சூத்திரம் வந்துவிட்டால் போதும், பிள்ளைகளைவிட அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். யார் அந்த ஹெரான், உயரமே இல்லாமல் பரப்பு எப்படி வருகிறது, எங்கள் மனையை இப்படி அளக்கலாமா என்று. அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அடிப்பக்கத்தில் பாதியை உயரத்தால் பெருக்கும் முறையைக் கண்டுபிடித்தவர்கள் கிரேக்கர்களா?

இல்லை. அவர்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எகிப்தில் அது புழக்கத்தில் இருந்தது. கி.மு. 1550 வாக்கில் ஆமஸ் என்ற எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருள் ஒன்று இன்று லண்டனில் இருக்கிறது. அதன் 51-ஆம் கணக்கு ஒரு முக்கோண நிலத்தைப் பற்றியது. உயரம் 10, அடி 4. நாலில் பாதி 2, அதைப் பத்தால் பெருக்கு, 20 என்று முடிகிறது. பாதியாக்குவதற்கு ஆமஸ் ஒரு காரணமும் சொல்கிறார்: முக்கோணத்தைச் செவ்வகமாக்கிக்கொள்வதற்காம். அந்த ஒரு சொல்லில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கிரேக்கர்களும் இதை மறைக்கவில்லை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், நிலத்தை அளக்கும் கலை எகிப்தில் தோன்றி கிரேக்கத்துக்கு வந்ததாகவே நினைத்தார். நைல் வெள்ளம் ஒருவருடைய வயலில் ஒரு பகுதியை அரித்துக்கொண்டு போனால், அரசர் ஆளனுப்பி எவ்வளவு குறைந்தது என்று அளக்கச் சொல்லி, அதற்கேற்ப வரியைக் குறைப்பாராம். 'ஜியோமெட்ரி' என்ற கிரேக்கச் சொல்லுக்கே நில அளவை என்றுதான் பொருள்.

அப்படியானால் கிரேக்கர்கள் புதிதாக என்ன செய்தார்கள்?

ஏன் என்று கேட்டார்கள். கேட்டதோடு விடாமல், எந்த முக்கோணத்துக்கும் தப்பாமல் பொருந்தும் பதிலையும் எழுதி வைத்தார்கள்.

கி.மு. 300 வாக்கில் அலெக்சாந்திரியாவில் யூக்ளிட் தொகுத்த நூலின் முதல் பகுதியில் 37-ஆம் தேற்றமும் 41-ஆம் தேற்றமும் முக்கோணத்துக்கு உயிர்நாடி. முதலாவதை ஒரு கோடு போட்ட நோட்டில் செய்து பார்த்துவிடலாம். நோட்டில் ஏதாவது ஒரு கோட்டின் மேல் ஆறு சென்டிமீட்டருக்கு அடிப்பக்கம் வரையுங்கள். ஐந்து வரி மேலே உள்ள கோட்டில் ஒரு புள்ளி வைத்து முக்கோணமாக்குங்கள். அப்புறம் அந்தப் புள்ளியை மட்டும் அதே கோட்டில் வலப்பக்கமாகத் தள்ளித் தள்ளி வைத்து வேறு வேறு முக்கோணங்கள் வரையுங்கள். ஒன்று நிமிர்ந்து நிற்கும், ஒன்று சாயும், ஒன்று நோட்டின் ஓரம்வரை படுத்துக்கொள்ளும். பார்வைக்குக் கடைசி முக்கோணம் மெலிந்து போனதுபோல் தெரியும். ஆனால் எல்லாவற்றின் பரப்பும் ஒன்றுதான். பிள்ளைகள் முதலில் நம்புவதில்லை. கட்டம் போட்ட தாளில் எண்ணிப் பார்த்த பிறகு அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

41-ஆம் தேற்றம் மீதியை முடிக்கிறது. அதே அடி, அதே இணைகோடுகளுக்கு நடுவே ஓர் இணைகரம் இருந்தால் அது முக்கோணத்தைப்போல் இரு மடங்கு. பாதி என்பது இங்கிருந்துதான் வருகிறது.

யூக்ளிட் நூலில் அந்தச் சூத்திரமே இல்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். தேடினாலும் கிடைக்காது. யூக்ளிட் பரப்புக்கு எண் கொடுப்பதே இல்லை. இந்த வடிவம் அந்த வடிவத்துக்குச் சமம், இது அதைப்போல் இரு மடங்கு என்று ஒப்பிடுவதோடு சரி.

இதற்கு ஆழமான காரணம் உண்டு. கிரேக்கர்களுக்கு எண் என்றால் 2, 3, 4 என்று எண்ணக்கூடியது. சதுரத்தின் பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் எவ்வளவு சிறிய அளவுகோலாலும் ஒருசேர மீதியில்லாமல் அளக்க முடியாது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். நீளம் எல்லாவற்றையும் எண்ணால் சொல்ல முடியாது என்று தெரிந்த பிறகு, பரப்பை மட்டும் எண்ணால் எப்படிச் சொல்வது? ஆகவே 'பரப்பு எவ்வளவு' என்பது அவர்களிடம் 'எந்தச் சதுரத்துக்குச் சமம்' என்று மாறிவிட்டது. பக்கங்கள் நேர்கோடாக உள்ள எந்த வடிவத்தையும் முதலில் முக்கோணங்களாக வெட்டு, ஒவ்வொன்றையும் இணைகரமாக்கு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே செவ்வகமாக்கு, கடைசியில் அதைச் சதுரமாக்கு. யூக்ளிடின் இரண்டாம் பகுதி இந்தக் கடைசிப் படியோடுதான் முடிகிறது.

இதில் முக்கோணத்தின் இடத்தைக் கவனியுங்கள். எந்த வடிவமானாலும் முக்கோணம் வழியாகத்தான் போக வேண்டும். வளைகோட்டுக்கும் அதே கதைதான். ஆர்க்கிமிடிஸ் வட்டத்தின் பரப்பை ஒரு செங்கோண முக்கோணமாகச் சொன்னார்: செங்கோணத்தின் ஒரு பக்கம் ஆரம், மற்றது சுற்றளவு, அந்த முக்கோணமும் வட்டமும் சமம். பரவளையத்தை ஒரு நேர்கோடு வெட்டி எடுக்கும் துண்டு, அதே அடியும் உயரமும் உள்ள முக்கோணத்தைப்போல் மூன்றில் நான்கு பங்கு என்று நிறுவியவரும் அவரே.

சாதாரண மக்களுக்கும் இதெல்லாம் தெரிந்திருந்ததா?

இல்லை என்றுதான் தெரிகிறது. சுற்றளவு பெரிதானால் பரப்பும் பெரிது என்றே பலர் நினைத்தார்கள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இதைக் கண்டு வருந்தியிருக்கிறார். அவருடைய சொந்த ஊர் மெகலோபோலிஸ். அதன் சுற்றளவு 50 ஸ்டேடியம் (கிரேக்கர்களின் நீள அளவு), ஸ்பார்ட்டாவின் சுற்றளவு 48. ஆனாலும் ஸ்பார்ட்டா இரு மடங்கு பெரியது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லையாம். சிறுவயதில் பள்ளியில் படித்த வடிவியலை மறந்துவிட்டதுதான் காரணம் என்கிறார். இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ்கூட சிசிலித் தீவு எவ்வளவு பெரியது என்று சொல்ல, சரக்குக் கப்பல் அதைச் சுற்றிவர ஏறக்குறைய எட்டு நாள் ஆகும் என்றுதான் எழுதினார்.

கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ் இன்னும் கசப்பான ஒன்றைச் சொல்கிறார். நிலத்தைப் பாகம் பிரிக்கும்போது சிலர் சுற்றளவு கூடிய துண்டைப் பங்காளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, சுற்றளவு குறைந்த துண்டைத் தாங்கள் எடுத்துக்கொள்வார்களாம். கையில் வந்ததோ அதிக நிலம். கூடவே பெருந்தன்மைக்காரர் என்ற பேரும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 20, 20, 20 அடியில் ஒரு முக்கோணம், 29, 29, 2 அடியில் ஒரு முக்கோணம். இரண்டுக்கும் சுற்றளவு 60 அடி. முதலாவதன் பரப்பு ஏறக்குறைய 173 சதுர அடி, இரண்டாவது 29 சதுர அடிகூட வராது.

ஹெரான் சூத்திரம் என்ன சொல்கிறது?

மூன்று பக்கமும் தெரிந்தால் போதும், உயரம் வேண்டாம் என்கிறது. மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அது அரைச்சுற்றளவு. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கழியுங்கள், மூன்று மீதி வரும். அரைச்சுற்றளவையும் மூன்று மீதிகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பரப்பு.

13, 14, 15 பக்கமுள்ள முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 42, பாதி 21. கழித்தால் 8, 7, 6. பெருக்கினால் 21 × 8 × 7 × 6 = 7056. இதன் வர்க்கமூலம் 84.

இதே முக்கோணத்தை ஹெரான் உயரம் வழியாகவும் செய்து காட்டியிருக்கிறார். 14-ஐ அடியாக வைத்து உச்சியிலிருந்து குத்துக்கோடு இறக்கினால் அது அடியை 5, 9 என்று பிரிக்கும், உயரம் 12. ஏழு பன்னிரண்டு 84. வயலில் நிற்பவருக்கு எது வசதி என்று யோசியுங்கள். குத்துக்கோடு இறக்க வேண்டுமானால் நடு வயலுக்குள் போக வேண்டும், செங்கோணம் பிடிக்க வேண்டும். நடுவில் வீடோ குளமோ இருந்தால் அதுவும் நடக்காது. பக்கத்தை அளக்க வரப்பில் நடந்தால் போதும்.

ஹெரான் யார்? எப்போது வாழ்ந்தார்?

அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கணக்காளர், பொறியாளர். அவருடைய காலம் பற்றிப் பெரிய குழப்பம் இருந்தது, சில நூற்றாண்டு முன்பின்னாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நில அளவைக் கருவி ஒன்றைப் பற்றி அவர் எழுதிய நூலில், ரோமுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் உள்ள தூரத்தைச் சந்திர கிரகணம் கொண்டு கணக்கிடுவது எப்படி என்று ஓர் இடம் வருகிறது. அங்கே சொல்லப்பட்ட கிரகணம் கி.பி. 62-இல் நிகழ்ந்தது என்று 1938-இல் கணித வரலாற்றாய்வாளர் ஓட்டோ நாய்கபவர் கணக்கிட்டுச் சொன்னார். முதல் நூற்றாண்டு என்று இன்று பெரும்பாலோர் ஏற்பது அதனால்தான்.

நீராவியால் சுழலும் உருண்டை, காசு போட்டால் தீர்த்தம் தரும் கலம் என்று வேறு பலவற்றுக்காகவும் அவரை நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ இந்தச் சூத்திரம் வரும் அளவை நூல்தான் அவருடைய பெரிய கொடை என்று தோன்றுகிறது. யூக்ளிட் வழியில் நிரூபணமும் தருகிறார், ஆமஸ் வழியில் எண்ணும் போடுகிறார். இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்ப்பது கிரேக்கக் கணிதத்தில் அரிது.

வர்க்கமூலம் சரியாக வராவிட்டால் அவர் என்ன செய்தார்?

இதுதான் அந்த நூலிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். சூத்திரத்தைச் சொல்லும்போது அவர் சுலபமான 13-14-15-ஐ எடுக்கவில்லை. வேண்டுமென்றே 7, 8, 9 எடுக்கிறார். கூட்டினால் 24, பாதி 12. மீதிகள் 5, 4, 3. பெருக்கினால் 720. இதற்கு முழு வர்க்கமூலம் கிடையாது.

இனி அவர் சொல்லும் படிகள். 720-க்கு மிக அருகே உள்ள வர்க்க எண் 729, அதன் மூலம் 27. 720-ஐ 27-ஆல் வகுத்தால் இருபத்தாறும் மூன்றில் இரண்டும். இதோடு 27-ஐக் கூட்டினால் ஐம்பத்து மூன்றும் மூன்றில் இரண்டும். அதில் பாதி, இருபத்தாறும் அரையும் மூன்றில் ஒன்றும். அதாவது இன்றைய முறையில் 26.8333.

இதை வர்க்கப்படுத்தினால் 720-உம் முப்பத்தாறில் ஒரு பங்கும் வருகிறது என்று அவரே சரிபார்க்கிறார். இந்த முப்பத்தாறில் ஒன்றும் அதிகம் என்று உங்களுக்குப் பட்டால், 729 இருந்த இடத்தில் இந்தப் புதிய எண்ணை வைத்து மறுபடி செய்யுங்கள், வித்தியாசம் இன்னும் குறையும் என்கிறார். செய்து பார்த்தேன், 26.832816 வந்தது. கால்குலேட்டர் தருவதும் அதுதான்.

கருத்து எளிது. 27 கொஞ்சம் கூடுதல் என்றால், 720-ஐ 27-ஆல் வகுத்து வருவது கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். உண்மையான மூலம் இரண்டுக்கும் நடுவே. ஆகவே சராசரி எடு. பாபிலோனியர்களுக்கும் மிகத் துல்லியமான வர்க்கமூலங்கள் தெரிந்திருந்தன. ஆனால் தவறு எவ்வளவு, அதை எப்படிக் குறைப்பது என்று வாசகருக்கு இப்படி விளக்கி எழுதியவர் ஹெரான்.

சரி, இந்தச் சூத்திரம் ஏன் வேலை செய்கிறது?

முழு நிரூபணம் நீளமானது. அதன் எலும்புக்கூட்டை 13-14-15-இல் காட்டுகிறேன்.

முக்கோணத்துக்குள் மூன்று பக்கத்தையும் தொடும்படி ஒரு வட்டம் வரையுங்கள். அதன் மையத்திலிருந்து மூன்று உச்சிக்கும் கோடு இழுத்தால் பெரிய முக்கோணம் மூன்று சிறு முக்கோணங்களாகப் பிரியும். ஒவ்வொன்றுக்கும் அடி ஒரு பக்கம், உயரம் வட்டத்தின் ஆரம். மூன்றையும் கூட்டினால் பரப்பு = அரைச்சுற்றளவு × ஆரம். நம் முக்கோணத்தில் 84 = 21 × 4, ஆகவே ஆரம் 4.

அடுத்து, வட்டம் பக்கங்களைத் தொடும் இடங்களைப் பாருங்கள். ஓர் உச்சியிலிருந்து வட்டத்துக்கு வரும் இரண்டு தொடுகோடுகளும் சம நீளம். அதனால் மூன்று பக்கங்களும் ஆறு துண்டுகளாக, இரண்டிரண்டு சமமாக, உடைகின்றன. அந்த நீளங்கள் என்ன தெரியுமா? 8, 7, 6. அரைச்சுற்றளவில் பக்கங்களைக் கழித்தபோது வந்த அதே மூன்று மீதிகள்! 8-உம் 7-உம் சேர்ந்து 15, 8-உம் 6-உம் சேர்ந்து 14, 7-உம் 6-உம் சேர்ந்து 13. கழித்தல் கணக்காக மட்டும் தெரிந்த எண்கள் படத்தில் கண்ணுக்குத் தெரியும் கோடுகளாக நிற்கின்றன.

மிச்சம் ஒரு படி. மூன்று மீதிகளின் பெருக்கம் = ஆரத்தின் வர்க்கம் × அரைச்சுற்றளவு. நம் எண்களில் 8 × 7 × 6 = 336, 16 × 21 = 336. இதை எல்லா முக்கோணத்துக்கும் நிறுவுவதில்தான் ஹெரானின் திறமை முழுவதும் இருக்கிறது. ஒரே வட்டத்தில் நான்கு உச்சிகள் அமரும் நாற்கரம் ஒன்றைக் கட்டி, வடிவொத்த முக்கோணங்கள் வழியாகப் போகிறார். அது கிடைத்துவிட்டால் இருபுறமும் அரைச்சுற்றளவால் பெருக்குங்கள், பரப்பின் வர்க்கம் வந்துவிடும்.

நான்கு நீளங்களைப் பெருக்குவதற்கு என்ன அர்த்தம்?

நல்ல கேள்வி, பழைய கிரேக்கர்களுக்கும் உறுத்திய கேள்வி. இரண்டு நீளத்தைப் பெருக்கினால் செவ்வகம், மூன்றைப் பெருக்கினால் பெட்டி. நான்கைப் பெருக்கினால் என்ன வடிவம்? வரைந்து காட்ட ஒன்றும் இல்லை. யூக்ளிட் வழியில் வந்தவர் எவரும் இப்படி எழுத யோசித்திருப்பார். ஹெரான் யோசிக்கவில்லை. பரப்பைப் பரப்பால் பெருக்கி, பிறகு மூலம் எடுத்து மறுபடி பரப்புக்கே இறங்கி வருகிறார். நீளம் அவர் கையில் எண்ணாகிவிட்டது. முந்நூறு ஆண்டு ஒதுக்கி வைத்த எண்ணைத் திரும்ப வடிவியலுக்குள் கொண்டுவந்த தருணமாக நான் இதைப் பார்க்கிறேன்.

இது உண்மையில் ஆர்க்கிமிடிஸுடையது என்று படித்தேனே?

அப்படிச் சொன்னவர் அல்-பிரூனி, 11-ஆம் நூற்றாண்டு அறிஞர். இது ஆர்க்கிமிடிஸின் கண்டுபிடிப்பு என்று அவர் எழுதினார். ஆர்க்கிமிடிஸ் கி.மு. 212-இல் இறந்தவர், ஆக சூத்திரம் ஹெரானுக்கு முந்நூறு ஆண்டு மூத்ததாக இருக்கலாம். ஆனால் ஆர்க்கிமிடிஸ் எழுதியதாக நம்மிடம் உள்ள எந்த நூலிலும் அது இல்லை. நிரூபணத்தோடு நம் கைக்கு வந்த மிகப் பழைய எழுத்து ஹெரானுடையது, பெயரும் அவருக்கே நின்றுவிட்டது.

அந்த எழுத்தும் தப்பிப் பிழைத்ததே பெரிது. அளவை நூல் நெடுங்காலம் காணாமல் போயிருந்தது. மற்றவர்கள் மேற்கோள் காட்டிய சில வரிகளால் மட்டும் அப்படி ஒரு நூல் இருந்தது என்று தெரியும். 1896-இல் ரிச்சர்ட் ஷோனே என்ற அறிஞர் கான்ஸ்டான்டிநோப்பிளில் ஒரு பழைய கையெழுத்துப் படியில் அதை முழுமையாகக் கண்டார். 1903-இல் அவர் மகன் ஹெர்மன் அதைப் பதிப்பித்தார். சூத்திரம் மட்டும் இடைக்காலத்திலும் சாகவில்லை. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதின் பனூ மூசா சகோதரர்கள் நிரூபணத்தோடு எழுதினார்கள், அது 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனது.

இந்தியாவில் இது தெரிந்திருந்ததா?

தெரிந்திருந்தது. கி.பி. 499-இல் ஆரியபட்டர் அடியின் பாதியைக் குத்துயரத்தால் பெருக்கச் சொன்னார். 628-இல் பிரம்மகுப்தர் நாற்கரத்தின் பரப்புக்கு ஒரே செய்யுளில் இரண்டு வழிகள் தந்தார். ஒன்று ஸ்தூலம், அதாவது தோராயம்: எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்கு. மற்றது சூட்சுமம், அதாவது துல்லியம்: அரைச்சுற்றளவிலிருந்து நான்கு பக்கங்களையும் தனித்தனியே கழித்து, நான்கு மீதிகளையும் பெருக்கி, மூலம் எடு. இது ஒரே வட்டத்தில் அமரும் நாற்கரத்துக்குச் சரியாக வரும். நான்காவது பக்கத்தைச் சுழியமாக்கினால் ஹெரான் சூத்திரம் அப்படியே கிடைக்கும். சீனத்தில் சின் ஜியூஷாவோ 1247-இல் இதற்கு நிகரான முறையைத் தந்தார். அவர் எடுத்த நிலத்தின் பக்கங்களும் 13, 14, 15தான்.

சமபக்க முக்கோணத்துக்கு ஏதாவது குறுக்குவழி வைத்திருந்தார்களா?

பக்கத்தை வர்க்கப்படுத்து, அதில் மூன்றில் ஒரு பங்கும் பத்தில் ஒரு பங்கும் எடுத்துக் கூட்டு. முடிந்தது. ஹெரான் பெயரில் வழங்கும் நூல்களில் இது இருக்கிறது, அவர் காலத்தை ஒட்டி விவசாயம் பற்றி எழுதிய ரோமானியர் கொலுமெல்லாவிடமும் இருக்கிறது. கொலுமெல்லாவின் நிலம் பக்கத்துக்கு 300 அடி. வர்க்கம் 90,000. மூன்றில் ஒன்று 30,000, பத்தில் ஒன்று 9,000, மொத்தம் 39,000 சதுர அடி. இன்றைய கணக்கில் 38,971. நிலத்துக்கு இது தாராளமாகப் போதும்.

பின்னாளில் ஐரோப்பாவில் இந்த அறிவு மங்கிப்போனது. ஆயிரமாம் ஆண்டு வாக்கில் போப் ஆக இருந்த இரண்டாம் சில்வெஸ்டர் ஒரு கணக்கறிஞர். பக்கம் 7 உள்ள சமபக்க முக்கோணத்துக்கு ஒரு விதிப்படி 21 வருகிறது, இன்னொரு விதிப்படி 28 வருகிறது, ஏன் என்று அடெல்போல்ட் என்பவருக்குக் கடிதத்தில் விளக்கினார். 28 என்பது 1, 2, 3 என்று 7 வரை வரிசையாகச் சதுரங்களை அடுக்கிக் கூட்டிய எண். அந்தச் சதுரங்கள் முக்கோணத்தின் சாய்ந்த ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அந்த வெளிப்பகுதியும் கணக்கில் சேர்ந்துவிட்டது என்றார். சரியான விளக்கம்.

எங்கள் மனை கோணல்மாணலாக இருக்கிறது. இந்த முறையில் அளக்கலாமா?

தாராளமாக. இன்றும் பலர் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி இரண்டால் வகுத்துப் பெருக்கிவிடுகிறார்கள். பிரம்மகுப்தர் ஸ்தூலம் என்று சொன்ன அதே முறை. எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில் கி.மு. 100 வாக்கில் பொறித்த நிலக் கணக்கிலும் இதுதான், முக்கோண நிலத்துக்கு நான்காவது பக்கம் 'ஒன்றுமில்லை' என்று போட்டிருக்கிறார்கள். யூக்ளிட் எழுதிய அதே நாட்டில், இருநூறு ஆண்டு கழித்து!

செவ்வகம் தவிர மற்ற எல்லாவற்றிலும் இந்த முறை நிலத்தைக் கூட்டித்தான் காட்டும். நான்கு பக்கமும் 10 அடி என்றால் அது 100 சதுர அடி தரும். ஆனால் மனை சற்றுச் சாய்ந்திருந்து ஒரு மூலைவிட்டம் 12 அடியாக இருந்தால், 10, 10, 12 என்று இரண்டு முக்கோணம். ஒவ்வொன்றும் 48, மொத்தம் 96. சென்னையில் மனை வாங்குபவருக்கு நான்கு சதுர அடியும் காசுதான். 13-14-15 முக்கோணத்தை 14-க்கு எதிரே சுழியம் வைத்து இந்த முறையில் செய்தால் 98 வரும், உண்மை 84.

ஆகவே நாற்கர மனைக்கு நான்கு பக்கத்தோடு ஒரு மூலைவிட்டத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அது இல்லாமல் நான்கு பக்கம் மட்டும் வைத்துப் பரப்பு சொல்லவே முடியாது. பிறகு இரண்டு முக்கோணத்துக்கும் ஹெரான். 39, 42, 45 அடியுள்ள மூலை மனை என்றால் 756 சதுர அடி, சென்ட் கணக்கில் (ஒரு சென்ட் 435.6 சதுர அடி) ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு.

ஓர் எச்சரிக்கை. ஒடுங்கிய முக்கோணமாக வெட்டாதீர்கள். 50, 50, 99 அடி முக்கோணத்தின் பரப்பு 349 சதுர அடி. நீளப் பக்கத்தில் டேப் அரை அடி தவறி 99.5 என்று காட்டினால் பரப்பு 248 ஆகிவிடும். அரை அடிக்கு நூறு சதுர அடி! இரண்டு மூலைவிட்டத்தில் எது கொழுத்த முக்கோணங்களைத் தருகிறதோ அதை எடுங்கள். பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் அரசு நில அளவர் அளந்து தருவதுதான் செல்லும். இது நீங்கள் சரிபார்த்துக்கொள்வதற்கு.

பக்கமும் பரப்பும் முழு எண்ணாக வரும் முக்கோணங்கள் நிறைய உண்டா?

எண்ணற்றவை. 5-12-13, 9-12-15 என்ற இரண்டு செங்கோண முக்கோணங்களை 12 பக்கத்தில் ஒட்டினால் 13-14-15. ஒட்டும் விதத்தை மாற்றி மாற்றிப் புதிது புதிதாகச் செய்துகொண்டே போகலாம். 5-5-6, 5-5-8 இரண்டுக்கும் பரப்பு 12, காரணம் இரண்டும் 3-4-5-ஐ இரட்டையாக வேறு வேறு பக்கத்தில் ஒட்டியவை. அடுத்தடுத்த எண்களாகப் பக்கம் அமைவது 3-4-5, 13-14-15. அடுத்தது 51-52-53, பரப்பு 1170.

தப்பான எண்களைக் கொடுத்தால் சூத்திரம் என்ன சொல்லும்?

இதை ஒரு மாணவி கேட்டாள். 9, 6, 3 என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். பாதி 9, மீதிகள் 0, 3, 6. பெருக்கினால் சுழியம். 6 அடியும் 3 அடியும் சேர்ந்து 9 அடிக் கோட்டின் மேலேயே படுத்துவிட்டன, நடுவே இடமே இல்லை. அப்புறம் அவளாகவே 10, 4, 3 போட்டாள். பாதி எட்டரை, அதில் 10 போனால் கழித்தல் ஒன்றரை, மற்ற மீதிகள் நாலரையும் ஐந்தரையும். பெருக்கம் சுழியத்துக்குக் கீழே போய்விட்டது, மூலம் எடுக்க வழியில்லை. மூன்று குச்சிகளை அந்த நீளத்துக்கு உடைத்துத் தரையில் வைத்தோம். சின்னக் குச்சிகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நின்றன.